ஈச்சங்குடாப் பெட்டிசத்தார்

எங்கள் பக்கத்தில் பெட்டிசம் என்றால் ஒருவரை விழுத்துவதற்காகக் கச்சேரிக்கு, அரசாங்கக் கந்தோருக்கு, எழுதுகிற கடிதம். இன்னார் அரசாங்கக் காணிக்குள் வேலியை நகர்த்திவிட்டார், இன்ன வாத்தியார் பிந்தி வந்து முந்திப் போகிறார் என்று கையெழுத்து வைக்காமல் எழுதிப் போடுவார்கள். எழுதினவரே அடுத்த நாள் அந்த ஆளின் வீட்டில் போயிருந்து தேத்தண்ணி குடித்து, இப்படி அநியாயம் செய்தவன் யாராக இருக்கும் என்று சேர்ந்து யோசிப்பார். அது பழகிப்போன விஷயம். யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

அப்படியான இடத்தில், ஒருவரையும் குற்றம் சொல்லாமல் இருபத்தைந்து வருஷம் பெட்டிசம் எழுதின ஒரு மனிசரை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வளவுக்காரர். ஊரில் அவரைப் பெட்டிசத்தார் என்றுதான் சொல்வது. நான் பெரியையா என்பேன், சொந்தம் ஒன்றும் இல்லை. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. பெட்டிசத்துக்குள் ஆளின் பெயர் வரக்கூடாது என்று எத்தனையோ தரம் சொன்னவர்.

எங்கள் ஊர் ஈச்சங்குடா. ஊர்காவற்றுறையில் இருந்து பஸ்ஸில் வந்தால், கொன்றைக்காடு கழிந்து கடல் பக்கம் திரும்புகிற ஒரு மண் ஒழுங்கை. நாற்பது வீடு இருக்கும். மேற்கே பனங்காணியும் புகையிலைத் தோட்டமும். கிழக்கே புல்லுத் தரவை, மாடுகள் மேய்கிற வெறும் வெளி. அதற்கு அங்காலே கடல். மாரியில் கடல் பெருகினால் தண்ணீர் தரவைக்கு ஏறி நிற்கும். வற்றும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு மண்ணுக்குள்ளாலே நடந்து ஒவ்வொரு கிணறாக வந்துகொண்டிருந்தது. தரவைக்கும் வளவுகளுக்கும் இடையில் கால் மைல் நீளத்துக்கு ஒரு அணை கட்டினால் நிற்கும். அவர் கேட்டது அந்த அணை ஒன்றைத்தான். தனக்கென்று எதுவும் கேட்டு எழுதினதை நான் அறியேன்.

இளம் வயதில் அவர் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதி, அதாவது பத்திரம், எழுதுகிற வேலை பார்த்தவர். பிறகு வலது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. எழுத்து நண்டு நடந்த மண் மாதிரி இருக்கும். அதனால் அவர் கிறுக்கித் தருவதை நல்ல கடதாசியில் பார்த்து எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள். ஆனால் எழுத்து உருண்டையாக இருக்கும். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த வருஷம்தான் முதல் முதல் அவருக்கு எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு.

இரண்டு வளவுக்கும் இடையில் கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து வரக்கூடிய ஓட்டை. அவர் அதற்குள்ளாலே வரமாட்டார். கடதாசியை மட்டும் நீட்டுவார். நான் குசினிக்குள் இருந்து வந்து வாங்குவேன். எனக்கு அப்போது ஆண்களோடு நின்று கதைக்க ஏலாது, அது அப்பா வயது மனிசராக இருந்தாலும். வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவேன். எழுத்து விளங்காத இடத்தில் நானாக ஊகித்து எழுதுவேன். எழுதி முடித்ததை வேலிப் பொட்டில் ஒரு கல்லை வைத்து விட்டுவிடுவேன். அவருக்கு ஏழெட்டுப் பெட்டிசம் எழுதிக் கொடுத்த பிறகும் அவரோடு பத்துச் சொல் பேசியிருக்கமாட்டேன்.

எல்லாப் பெட்டிசமும் ஊரின் வரலாற்றோடுதான் தொடங்கும். ஏன் இவ்வளவு நீட்டுகிறீர், கேட்கிறதை நேரே கேளுமன் என்று ஊருக்கு அதிகாரியான விதானையார் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் சொன்னது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"முதலிலை நாங்கள் ஆர் எண்டு சொல்லவேணும். பிறகுதான் கேக்கவேணும். ஆரெண்டு தெரியாதவனுக்கு ஆர் குடுப்பான்?"

அவர் எழுதின வரலாற்றில் ராசாக்கள் இல்லை. பறங்கியும் ஒல்லாந்தனும் கூட இல்லை. எனக்கு அது முழுக்கப் பாடம். "எமது கிராமம் ஈச்சங்குடா. முன்னோர் அக்கரையில் இருந்து தோணியில் வந்து, ஈச்சமரத்தடியில் ஊற்றுக் கண்டு இறங்கினர். ஊற்று இருந்தபடியால் கிணறு தோண்டினர். கிணறு இருந்தபடியால் புகையிலை நட்டனர். புகையிலை விளைந்தபடியால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். ஈச்சமரத்தடிக் கிணறு உவர்த்துவிட்டது. கோயிற் கிணறு உவர்த்துவிட்டது. ஆகவே..."

அந்த 'ஆகவே'க்குப் பிறகு அணை வரும். ஒவ்வொரு பெட்டிசத்திலும் வரலாறு ஒரு வரி நீளும். நீண்டால் இன்னொரு கிணறு போய்விட்டது என்று அர்த்தம்.

எந்தக் கிணறு போனது என்பதை அவர் தானே போய்ப் பார்ப்பார். பங்குனி வெயிலில் தண்ணீர் அடிக்குப் போகிற நேரம் வீடு வீடாக வருவார். வாளியில் அள்ளிக் கொடுத்தால் கையில் ஏந்தி ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்பார். கண்ணை மூடமாட்டார். கிணற்றுக் கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல தண்ணீர் என்றால் அந்த இடத்திலேயே விழுங்குவார். உவர் என்றால் துப்பமாட்டார். வாயை மூடியபடியே தலையை ஆட்டிவிட்டு, படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்குப் போய், மூலை திரும்பி, ஒருவரும் காணாத இடத்தில்தான் துப்புவார். வீட்டுக்காரர் முன்னால் அவர்களுடைய தண்ணீரைத் துப்பக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அதனால் பங்குனி மாதம் அவர் வந்தால் பெண்கள் எல்லாரும் அவருடைய தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். கோயிலடி வீட்டுப் பெண் ஒருத்தி, அவர் வாயை மூடிக்கொண்டு படலைக்குப் போனதைக் கண்டதும் கிணற்றடியில் அப்படியே குந்திவிட்டாள் என்று அம்மா சொன்னா.

குற்றம் எழுத ஆட்கள் வராமல் இல்லை. ஒருமுறை ஒழுங்கை முகப்பில் இருந்த ஒரு மனிசி, அடுத்த வளவுக்காரன் வேலியைத் தள்ளி ஒரு பனையைத் தன் பக்கம் எடுத்துவிட்டான், அவனுக்கு ஒரு பெட்டிசம் போட வேணும் என்று வந்தா. இவர் கொட்டிலுக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, எல்லையை வடிவாக எழுதித் தரலாம், ஆளை எழுதித் தர ஏலாது என்றார். உறுதியில் நாலு பக்கத்து எல்லையும் இருக்கும், கெட்டவன் நல்லவன் என்று இராது, தனக்குப் பழகின எழுத்து அதுதான் என்றார்.

"அப்ப ஏன் உம்மைப் பெட்டிசத்தார் எண்டு சொல்லுறாங்கள்? தேவாரம் பாடுறவர் எண்டெல்லோ சொல்லவேணும்" என்றா அந்த மனிசி.

அதற்குப் பிறகு கொன்றைக்காட்டுத் தபாற்கந்தோரில் அவருடைய கடிதத்தைக் கண்டால், கீழ்க்கரைத் தேவாரம் வந்திட்டுது என்று பகிடி பண்ணுவார்களாம்.

கீழ்க்கரை என்ற அந்தச் சொல்தான் அவருக்கு ஆகாது. கொன்றைக்காட்டுக்காரர் எங்கள் ஊரை ஊராக எண்ணுவதில்லை. தங்களுடைய கீழ்க்கரை என்பார்கள். கிழக்குக் கரை என்றுதான் அர்த்தம். ஆனால் அவர்கள் சொல்லுகிற மாதிரியில் கீழே இருக்கிறவர்கள் என்பதும் சேர்ந்து வரும். பஸ் எங்கள் ஒழுங்கையில் நின்றதும் கொண்டக்டர், கீழ்க்கரை இறங்கு என்று கூப்பிடுவான். இவர் இறங்கமாட்டார். ஈச்சங்குடா என்று சொல்லவில்லை என்றால் அசையாமல் இருந்து அடுத்த தரிப்பில் இறங்கி, வெயிலில் ஒரு மைல் திரும்பி நடந்து வருவார். கொண்டக்டர்களுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. வேண்டுமென்றே கீழ்க்கரை என்பார்கள். அவரும் வேண்டுமென்றே இருப்பார். ஒருவரையும் குற்றம் சொல்லாத மனிசர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இப்படி.

எனக்குக் கலியாணம் நடந்து நாங்கள் அதே வளவில்தான் இருந்தோம். வளவும் கிணறும் எனக்குச் சீதனம். மேற்கு ஓரம், பனங்காணியை ஒட்டின கிணறு. கடலுக்கு எல்லாவற்றிலும் தூரம். என்னுடைய வீட்டுக்காரருக்குத் தென்பகுதியில் ஒரு சுருட்டுக் கடையில் வேலை. வருஷத்தில் இரண்டு முறை வருவார். அவர் சிங்களம் பேசினால் சிங்களவரே திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

என் மூத்தவள் தவழ்கிற காலம், பெட்டிசத்தார் தந்த ஒரு கிறுக்கலில் முதல் வரிக்கு மேலே ஏதோ சின்னதாக எழுதியிருந்தது. கை நடுக்கத்தில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. நடுவால் ஒரு கோடும் போனது. கூர்ந்து பார்த்தேன். 'கொன்றைக்காட்டின் கீழ்க்கரையாகிய' என்று வாசிக்கலாம் போல இருந்தது. அவர் அப்படி எழுதுவாரா? எழுதிவிட்டு வெட்டியிருக்கிறார் என்று எண்ணினேன். அந்தக் கோடு வெட்டினதா, கை வழுக்கினதா என்று கேட்டிருக்கலாம். வேலிக்கு அங்காலே அவர் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நாலு எட்டு நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. அதை விட்டுவிட்டு, 'எமது கிராமம் ஈச்சங்குடா' என்று வழமை போல எழுதிக் கல்லை வைத்துவிட்டேன். அடுத்த நாள் ஊரில் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டுவிட்டார்.

கையெழுத்துக்கு அவர் பெண்களிடமும் வருவார். ஆண்கள் வைத்தால் காணாதா என்று கேட்டவர்களுக்கு, கிணற்றடியில் நிற்கிறது ஆர் என்று திருப்பிக் கேட்பார். அப்படித்தான் என்னுடைய கையெழுத்தும் அதில் இருந்தது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு என்னுடைய வீட்டுக்காரர் வந்து நின்றபோது கொழும்பில் இருந்து பதில் வந்தது. அதுவரை வந்த பதில்கள் எல்லாம் ஒரு வரி, உங்கள் கடிதம் கிடைத்தது என்று. இது ஒரு பக்கம். முழுக்கச் சிங்களம், கீழே நீல முத்திரை. ஊரே எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டது. என்னுடைய வீட்டுக்காரரைக் கதிரையில் இருத்திக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்குச் சிங்களம் பேசத்தான் தெரியும். எழுத்து ஒன்றும் தெரியாது. கடைப் பலகையைக் கூட வாசிக்கத் தெரியாது என்று எனக்கு மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தார். அன்றைக்கு அத்தனை பேர் சுற்றி நிற்க அவர் அதைச் சொல்லவில்லை. கடிதத்தை மேலும் கீழும் பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் 30 என்று இலக்கத்தில் போட்டிருந்தது. அவருடைய கண் அதில்தான் நின்றது.

"முப்பது நாளிலை வேலை துவங்குமாம்" என்றார்.

பெட்டிசத்தார் "தம்பி, வடிவாய்ப் பாத்தனீரோ?" என்று கேட்டார்.

"ஓம். அணை எண்டுதான் போட்டிருக்கு."

அன்றைக்கே வைரவருக்கு வடைமாலை சாத்தினார்கள். கடிதத்துக்கும் சந்தனம் பூசி, வைரவரின் சூலத்தடியில் ஒரு நாள் முழுக்க வைத்தார்கள். லொறி வர ஒழுங்கை காணாது என்று ஒருவர் தன்னுடைய காணியில் நாலு பனையைத் தறித்து வழி விட்டார். என்னுடைய வீட்டுக்காரர் லீவு முடிந்து போய்விட்டார். போகிற அன்றும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முப்பது நாள் போனது. லொறி வரவில்லை. நாற்பதாம் நாள் போல, பெட்டிசத்தார் அந்தக் கடிதத்தைச் சேர்ட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனார். அங்கே பேக்கரி வைத்திருந்த ஒரு சிங்களவரிடம் வாசிப்பிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பின்னேரம் திரும்பி வரும்போது கையில் ஒரு றாத்தல் பாண். சும்மா போய் வாசிப்பிக்கக்கூடாது என்று வாங்கியிருக்கிறார். பாணோடு வருவதைக் கண்டு, நல்ல செய்திதான் என்று எல்லாரும் வைரவர் கோயிலடிக்கு வந்தார்கள். நானும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவர் பாணைக் கோயில் கட்டின்மேல் வைத்தார். கடிதத்தை விரித்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது.

ஈச்சங்குடா என்று ஒரு கிராமம் எங்களுடைய பதிவில் இல்லை. அது எந்தக் கிராமத்தின் பகுதி என்று 30 நாளுக்குள் அறிவித்தால் இந்த வருஷ வேலையில் சேர்க்கலாம். அவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது.

 பனை தறித்தவர் எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, வாசிச்ச பெரிய மனிசன் எங்கே என்று கேட்டார்.  பிள்ளை அழத் தொடங்கிவிட்டது.

"அவர் வாசிச்சதிலை பிழையில்லை" என்றார் பெட்டிசத்தார். "முப்பது எண்டவர். முப்பதுதான் கிடக்கு. எந்த ஊரின்ரை பகுதி எண்டதை நான் எழுதாமல் விட்டிட்டன். பிழை என்ரை."

"உம்மடை கீழ்க்கரைக் கோவம் எங்கடை கிணத்துக்குள்ளை வந்து முடிஞ்சுது" என்று ஒருவர் சொன்னார்.

பெட்டிசத்தார் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். நான் நின்ற பக்கம் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாணை அங்கே நின்ற பிள்ளைகள் பிய்த்துத் தின்றார்கள்.

அவர் கிறுக்கின அந்தக் கடதாசி என்னிடம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் கோடு வெட்டின கோடு இல்லை என்று தெரிந்தது. முதல் எழுத்தில் இருந்து பேனை வழுக்கி இழுபட்ட கோடு. அவர் எழுதியிருக்கிறார். எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருப்பார். ஒரு மைல் நடந்தாலும் நடப்பேன், அந்தச் சொல்லுக்கு இறங்கமாட்டேன் என்று இருந்த மனிசர், அணைக்காக இறங்கி எழுதியிருக்கிறார். நான் அதை விட்டுவிட்டேன்.

சோறு வடிக்க அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கடதாசியை அதற்குள் வைத்தேன்.

வழமையாகக் கிறுக்கலைத் திருப்பிக் கேட்பவர். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. இன்னுமொன்றும் எனக்குத் தெளியவில்லை. நான் எழுதிக் கொடுக்கிறதை அவர் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துக்குக் கொண்டு போவார். அன்றும் வாசித்திருப்பார். அந்தச் சொல் விடுபட்டதைக் கண்டாரா, காணவில்லையா? கண்டும், இல்லாமல் இருப்பதே நல்லது என்று ஆறுதல்பட்டு விட்டாரா? பிழை என்ரை என்று அவர் சொன்னது எனக்காகவா, உண்மையாகவே தன்னுடையது என்றா? எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். யோசித்து யோசித்துக் களைத்ததுதான் மிச்சம்.

அடுத்த கிழமையே திருத்தி எழுதினார். 'எமது கிராமம் கொன்றைக்காட்டின் கீழ்க்கரையாகிய ஈச்சங்குடா.' இந்த முறை பெரிய பெரிய எழுத்தாக, ஒவ்வொன்றும் விலத்தி விலத்தி. வேலிப் பொட்டால் கடதாசியை நீட்டினவர், கையை உடனே எடுக்காமல் சொன்னார்.

"பிள்ளை, விளங்காட்டில் கேளும்."

 அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லித்தான் தருவார். நான் தலையை ஆட்டுவேன். ஒரு முறையும் கேட்கவில்லை.

கொழும்பில் இருந்து பதில் வந்தது, இந்த வருஷத்து வேலைகள் ஒதுக்கி முடிந்துவிட்டன, உங்கள் வேண்டுகோள் கவனத்தில் இருக்கும் என்று. அடுத்த வருஷமும் கவனத்தில் இருந்தது. பிறகு அரசாங்கம் மாறியது. திரும்ப மாறியது. விதானையார் போய்க் கிராம சேவகர் வந்தார். ஊரவர் கூடி மண்ணை வெட்டித் தாங்களே ஒரு வரம்பு போட்டார்கள். அந்த மாரியிலேயே கடல் அதைக் கரைத்துக்கொண்டு போனது. பிறகு ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. கையெழுத்து வைக்கவும் ஆட்கள் அலுத்துவிட்டார்கள். அவர் ஒழுங்கையால் வருகிறதைக் கண்டால் சிலர் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும். ஆள் இல்லாத வீட்டுப் படலையில் கொஞ்சம் நின்று இளைப்பாறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

வரலாறு மட்டும் நீண்டுகொண்டே போனது. மடத்துக் கிணறு. இலுப்பையடிக் கிணறு. பள்ளிக்கூடக் கிணறு. அவருடைய சொந்தக் கிணறும் ஒரு பங்குனியில் போனது. அன்றைக்கு நான் வேலிப் பொட்டால் பார்த்தேன். அவருடைய கிணறுதானே, துப்பியிருக்கலாம். அதற்கும் அவர் வாயை மூடிக்கொண்டு படலையைத் திறந்து ஒழுங்கைக்குப் போனார்.

கிணறு உவர்த்தவர்கள் ஒவ்வொருவராக யாழ்ப்பாணத்துப் பக்கம் போய்விட்டார்கள். கொட்டடி, நாவாந்துறை, நல்லூர் என்று பிள்ளைகளின் வேலையைச் சாட்டி வாடகைக்கு இருந்தார்கள். உவர்த் தண்ணிக்காகப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. எண்பதாம் ஆண்டு கழிந்தபோது ஒன்பது வீட்டில்தான் ஆட்கள். ஒன்பது வீட்டுக்கும் குடிக்கிற தண்ணீர் எங்கள் கிணற்றில். காலையும் மாலையும் குடங்கள் வரிசையாக வரும். சனம் என்னோடு நல்லமாதிரி. என் வீட்டுக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து வீட்டோடு இருந்தார். கடிதங்கள் வந்தால் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

கடைசியாகப் பெட்டிசத்தார் எங்கள் கிணற்றடிக்கு வந்தது ஒரு பங்குனி மத்தியானம். தடி ஊன்றித்தான் நடந்தார். அன்று கிணற்றடியில் வேறு யாரும் இல்லை. வெயிலுக்குப் பயந்து எல்லாரும் உள்ளே. நான் வாளியை இறக்கி அள்ளினேன். அவருடைய கை இரண்டும் நடுங்கின. ஏந்தின தண்ணீர் பாதி ஊற்றுப்பட்டுவிட்டது. திரும்பவும் ஊற்றினேன். ஒரு வாய் எடுத்தார். வாய்க்குள் வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டைப் பார்த்தார்.

எனக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இப்போதும் சொல்லாவிட்டால் எப்போது என்று எப்படியோ ஒரு துணிவு வந்தது. வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"பெரியையா, அண்டைக்கு நீங்கள் எழுதித்தான் தந்தனீங்கள். நான்தான்..."

அவர் கையைத் தூக்கினார். பொறு என்கிற மாதிரி. வாய் நிறையத் தண்ணீர், பேச ஏலாது. நான் நிறுத்திவிட்டேன். அவருடைய தொண்டையைப் பார்த்தேன். அது ஏறி இறங்கியது. ஒருமுறை இறங்கி நின்று, திரும்பவும் இறங்கியது.

"நல்ல தண்ணி, பிள்ளை" என்றார்.

தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலிப் பொட்டால் போகவில்லை. படலையால் சுற்றிப் போனார். மூலையில் நிற்கிறாரா என்று பார்த்தேன். நிற்கவில்லை. நேரே நடந்தார்.

வாளிக்குள் மிச்சம் இருந்த தண்ணீரை அள்ளி நான் வாயில் வைத்தேன். நாங்கள் தினம் குடிக்கிற தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் குடிக்கிறவர்களுக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. உப்பு.

இரண்டு நாள் கழித்து வேலிப் பொட்டால் கடைசிப் பெட்டிசத்தை நீட்டினார். எல்லாக் கிணறும் வரிசையாக இருந்தது, ஈச்சமரத்தடியில் இருந்து தொடங்கி அவருடையது வரைக்கும். அதற்குக் கீழே, 'மேற்கு எல்லையில் ஒரு கிணறு மட்டும் இன்றுவரை நல்ல தண்ணீராக உள்ளது. ஆகவே...' என்று இருந்தது. அவர் எழுதினதில் நான் அறிந்து உண்மை இல்லாத வரி அது ஒன்றுதான். விளங்காட்டில் கேளும் என்று அந்த முறை அவர் சொல்லவில்லை. நான் உள்ளது உள்ளபடி, ஒரு எழுத்தும் விடாமல் எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பதில் வரவில்லை. அவர் அந்த ஆடியில் போய்விட்டார். செத்தவீட்டுக் கிரியைக்கு வந்தவர்கள் கால் கழுவவும் குடிக்கவும் எங்கள் கிணற்றில்தான் அள்ளினார்கள். ஒருவரும் துப்பவில்லை. அடுத்த வருஷம் நாங்களும் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். பிள்ளைகளின் படிப்புக்காக என்று நானும் எல்லாருக்கும் சொன்னேன்.

அவர் எழுதின வரலாறு எந்தக் கந்தோரில் கிடக்கிறதோ, கிடக்கிறதோ இல்லையோ தெரியாது. கடைசிப் பிரதியில் ஒரு வரி பிழை. அதைத் திருத்த வேறு ஆள் இல்லை. இப்போது என்னுடைய கையும் நடுங்குகிறது. பேர்த்தி ஒருத்தி பார்த்து எழுதித் தருகிறேன் என்று இருக்கிறாள். விளங்காவிட்டால் கேள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

எமது கிராமம் கொன்றைக்காட்டின் கீழ்க்கரையாகிய ஈச்சங்குடா. முன்னோர் அக்கரையில் இருந்து தோணியில் வந்து, ஈச்சமரத்தடியில் ஊற்றுக் கண்டு இறங்கினர். ஈச்சமரத்தடிக் கிணறு, கோயிற் கிணறு, மடத்துக் கிணறு, இலுப்பையடிக் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு, பெட்டிசத்தார் வளவுக் கிணறு எல்லாம் உவர்த்துவிட்டன. மேற்கு எல்லையில் இருந்த கிணறு எங்களுடையது. அதுவும் உவர்த்துவிட்டது. அவர் அதை விழுங்கினார்.